கர்ப்ப காலத்தில் பற்களையும் ஈறுகளையும் பேணும் முறை

கர்ப்பம் உறுதியானதும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சத்து மாத்திரை, உணவு என்று செய்ய வேண்டியவை வரிசையாக வந்து நிற்கின்றன. அந்த வரிசையில் வாய்க்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. பல் வலிக்கிறது என்று சொன்னால், "பிரசவம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். சில நேரங்களில் மருத்துவமனையிலும் அதையே சொல்லிவிடுகிறார்கள். என் முதல் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கூச்சம் தொடங்கியபோது நான் சென்ற இடத்தில் இப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். சிறிய அடைப்போடு முடிந்திருக்க வேண்டிய அந்தச் சொத்தை, எட்டாம் மாதத்தில் சீழ் வைத்து, கன்னம் வீங்கி, படுக்க முடியாமல் சாய்ந்து உட்கார்ந்தே இரவுகளைக் கழிக்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டது. கடைசியில் கனத்த வயிற்றோடுதான் வேர் சிகிச்சை செய்துகொண்டேன். கர்ப்பிணியின் பல்லுக்குச் சிகிச்சை ஆபத்தானதன்று, தள்ளிப்போடுவதே ஆபத்தானது என்பதை அந்த மூன்று மாதங்கள் எனக்குக் கற்றுத்தந்தன. கீழே எழுதியிருப்பவை அனைத்தும் அந்த ஒரு விஷயத்தை ஒட்டியே செல்கின்றன.

ஈறில் ரத்தம் ஏன் வருகிறது

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவு பல மடங்கு உயர்கிறது. அதனால் ஈறுகளுக்குச் செல்லும் ரத்த ஓட்டம் கூடுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் எளிதாகக் கசிந்து ஈறு உப்புகிறது. பல்லின் ஓரத்தில் படியும் கிருமிப் படலத்துக்கு ஈறு காட்டும் எதிர்ப்பும் வழக்கத்தைவிடக் கடுமையாகிறது. இதே அளவு படலம் இருந்தும் முன்பு அமைதியாக இருந்த ஈறு, இப்போது சிவந்து, பளபளத்து, பிரஷ் பட்ட உடனே கசியத் தொடங்குகிறது. கர்ப்பகால ஈறு அழற்சி எனப்படும் இந்த நிலை, கர்ப்பிணிகளில் 100 பேரில் 60 முதல் 75 பேருக்கு ஏற்படுகிறது. பொதுவாக இரண்டாம் மாதத்தில் தலைகாட்டி, எட்டாம் மாதம்வரை கூடிக்கொண்டே போய், பிரசவத்துக்குப் பிறகு மெல்ல அடங்குகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஹார்மோன் தானாக ஈறு நோயை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே இருக்கும் படலத்தின் விளைவைப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். ஹார்மோனை நாம் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் படலத்தை நாள்தோறும் அகற்றிவிட முடியும். துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பயந்து, அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. தொடாமல் விட்ட இடத்தில் படலம் தடிக்கிறது. படலம் தடித்தால் ரத்தம் இன்னும் அதிகமாக வரும். ரத்தம் வரும் இடத்தைத்தான் மென்மையாகவும் பொறுமையாகவும் சுத்தம் செய்ய வேண்டும். அழற்சி மட்டுமே காரணமாக இருந்தால், ஒன்றிரண்டு வாரங்களில் கசிவு குறைவதை நீங்களே காண்பீர்கள். குறையாவிட்டால் படலம் இறுகிக் கல்போலாகி, பற்காரையாகக் கட்டிப்போயிருக்கக்கூடும். அதை வீட்டில் எதைக் கொண்டு தேய்த்தாலும் அகற்ற முடியாது, பல் மருத்துவர்தான் கருவி வைத்து எடுக்க வேண்டும்.

பற்கள் சற்று ஆடுவது போன்ற உணர்வும் சிலருக்கு வரும். பல்லைத் தாடை எலும்போடு பிணைத்திருக்கும் நார்களை ஹார்மோன்கள் தளர்த்துவதால் இது நேர்கிறது. ஈறு நோய் இல்லாதவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் இது சரியாகிவிடும். எனினும், ஆடுவதற்குக் காரணம் ஹார்மோன்தானா, எலும்பு வரை இறங்கிய ஈறு நோயா என்பதை நாமே கண்ணாடியில் பார்த்து முடிவு செய்ய இயலாது.

"குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்கிறது, ஆகவே ஒரு குழந்தைக்கு ஒரு பல் போகத்தான் செய்யும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். முளைத்து முடிந்த பல்லின் எனாமலிலிருந்து, அதாவது பல்லின் கடினமான வெளி அடுக்கிலிருந்து, கால்சியம் ரத்தத்துக்குத் திரும்பிச் செல்வதற்கு வழியே கிடையாது. உணவில் கால்சியம் போதாமல் போனால் உடல் அதை எலும்பிலிருந்து எடுக்கும், பல்லிலிருந்து எடுக்காது. கர்ப்பத்தில் பல் கெடுவதற்கு வாந்தியின் அமிலம், அடிக்கடி கொறிப்பது, பல் துலக்கச் சோர்வது, சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆகியவையே காரணங்கள். இந்தப் பொய்யான நம்பிக்கை ஏன் கெடுதல் என்றால், பல் போவதை விதியென்று ஏற்றுக்கொள்ள வைத்து, தடுத்திருக்கக்கூடிய இழப்பைத் தடுக்கவிடாமல் செய்துவிடுகிறது.

தினமும் துலக்குவது எப்படி

காலையிலும் இரவு படுக்கும் முன்பும், ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடிகிறது என்ற நிலை வந்தால் இரவுத் துலக்கலை விடாதீர்கள். தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால், இரவில் பல்லில் தங்கும் உணவும் படலமும் கூடுதல் கேடு செய்யும். மென்மையான இழைகளும் சிறிய தலையும் கொண்ட பிரஷைத் தேர்ந்தெடுங்கள். பேஸ்ட் எதுவாக இருந்தாலும் அதில் ஃபுளோரைடு 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை இருக்கிறதா என்று உறையில் பாருங்கள். பட்டாணி அளவு பேஸ்ட் போதும்.

துலக்கும் முறையில்தான் பாதிப் பயன் இருக்கிறது. பிரஷைப் பல்லின் நடுவில் தட்டையாக வைத்து முன்னும் பின்னும் இழுப்பவர்கள், பல்லின் பளபளப்பான பகுதியை மட்டுமே தேய்க்கிறார்கள். படலம் குடியிருக்கும் ஈறோரம் அப்படியே இருக்கிறது. பிரஷின் இழைகள் ஈறும் பல்லும் சந்திக்கும் கோட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி, ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் வையுங்கள். பிரஷைக் கை முழுவதும் சேர்த்து இறுக்கிப் பிடிக்காமல், பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். வைத்த இடத்திலிருந்து நகராமல் சிறிய அசைவாகப் பத்து முறை அதிரவிட்டு, பிறகு இழைகளை ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி உருட்டி எடுங்கள். இரண்டு மூன்று பற்களை முடித்துவிட்டு அடுத்த இரண்டு மூன்று பற்களுக்குச் செல்லுங்கள். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என்று வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால் எந்தப் பல்லும் விடுபடாது. கீழ் முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷை நிமிர்த்திப் பிடித்து நுனி இழைகளால் தேய்க்க வேண்டும்; பற்காரை முதலில் கட்டும் இடங்களில் அதுவும் ஒன்று.

துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள், ஆனால் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பல்லின் மேல் மெல்லியதாகத் தங்கும் ஃபுளோரைடுதான் மென்மையாகிப்போன எனாமலை மீண்டும் கெட்டிப்படுத்துகிறது. ஒரு குவளைத் தண்ணீரில் அதைக் கழுவி விட்டால் துலக்கியதன் நன்மையில் பாதியைத் துப்பியதாகிவிடும்.

இரு பற்களுக்கு இடையிலுள்ள இடுக்குக்குள் பிரஷ் நுழையாது. நாளுக்கு ஒரு முறை பல்லிடுக்கு நூலையோ, இடைவெளி பெரிதாக இருந்தால் சிறிய இடுக்குப் பிரஷையோ பயன்படுத்துங்கள். நூலை வெட்டுவதுபோல் ஈறுக்குள் இறக்காமல், பல்லின் பக்கச் சுவரை அணைத்தபடி மேலும் கீழும் நகர்த்த வேண்டும். கர்ப்பகால ஈறு அழற்சி பெரும்பாலும் இந்த இடுக்குகளிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், இதற்குச் செலவிடும் இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

குமட்டல் இருக்கும்போது

முதல் மூன்று மாதங்களில் பிரஷ் வாய்க்குள் போனாலே குமட்டிக்கொண்டு வருவது மிகவும் சாதாரணம். இதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ளத் தேவையில்லை. வழியை மாற்றிப் பார்த்தால் போதும். காலையில் எழுந்த உடனே துலக்க முடியவில்லை என்றால் குமட்டல் தணியும் நேரம் பார்த்துத் துலக்குங்கள். அது நண்பகலாக இருந்தாலும் தவறில்லை. குழந்தைகளுக்கான சிறிய தலை கொண்ட பிரஷை வாங்கிக்கொள்ளலாம். பேஸ்டின் வாசனையே ஒத்துக்கொள்ளவில்லை என்றால், வாசனை குறைந்த, நுரை அதிகம் வராத பேஸ்டுக்கு மாறலாம். ஆனால் அதிலும் ஃபுளோரைடு இருக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்று முன்னால் குனிந்து, மூக்கால் நிதானமாக மூச்சுவிட்டபடி, கடைவாய்ப் பற்களுக்கு வாயைப் பாதி மூடிக்கொண்டு துலக்கினால் குமட்டல் குறையும். எதுவும் முடியாத நாளில் வெறும் பிரஷைத் தண்ணீரில் நனைத்துத் துலக்கிவிட்டு, பிறகு சிறிதளவு ஃபுளோரைடு பேஸ்டை விரலால் பற்களில் தடவிக்கொள்ளுங்கள். படலம் கலைவதுதான் முக்கியம்.

வாந்தி எடுத்த பிறகு என்ன செய்கிறோம் என்பது இன்னும் முக்கியமானது. பிஎச் என்பது அமிலத்தன்மையைக் குறிக்கும் எண்; எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். பல்லின் எனாமல் ஏறக்குறைய 5.5 என்ற பிஎச் அளவுக்குக் கீழே கரையத் தொடங்கும். இரைப்பையின் அமிலமோ 1.5 முதல் 2 வரையான பிஎச் கொண்டது. வாந்தியோடு அது பற்களின் மேல் படும்போது, குறிப்பாக மேல் முன்பற்களின் உட்புறத்தில், எனாமலின் மேற்பரப்பு சற்று நேரத்துக்கு மென்மையாகிவிடும். அந்த நேரத்தில் வாயின் கசப்பைப் போக்க உடனே பிரஷை எடுத்துத் தேய்த்தால், மென்மையான அந்த அடுக்கை நாமே சுரண்டி எடுக்கிறோம். எனாமல் ஒருமுறை போனால் மீண்டும் வளராது.

எனவே வாந்தி எடுத்த உடனே முதலில் தண்ணீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளித்துத் துப்பினால் அமிலம் சமனாகிவிடும். அதை விழுங்க வேண்டாம். சோடா இல்லாத இடத்தில் வெறும் தண்ணீரே போதும், தாமதிக்காமல் செய்வதுதான் பெரிது. பிறகு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருந்துவிட்டுப் பல் துலக்குங்கள். உமிழ்நீர் அந்த இடைவெளியில் எனாமலுக்குத் தாதுக்களைத் திருப்பித் தந்து அதைத் தேற்றிவிடும். தண்ணீர் கூட நிற்காத அளவுக்கு வாந்தி தொடர்ந்தால் அது பல்லுக்கான பிரச்சினை மட்டும் அன்று. உடல் வற்றிப்போவதற்கு முன் மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள். வாந்தியைக் கட்டுப்படுத்த, கர்ப்பத்தில் எடுத்துக்கொள்ளத் தக்க மருந்துகள் இருக்கின்றன.

நெஞ்செரிச்சலும் இதே வேலையைச் செய்யும். கடைசி மாதங்களில் படுத்ததும் புளிப்பு தொண்டைக்கு ஏறினால், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுப்பதும், சாப்பிட்ட உடனே படுக்காமல் இருப்பதும் பற்களுக்கும் நல்லது.

கொறிப்பது குறித்து

கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுங்கள் என்பது குமட்டலுக்குச் சொல்லப்படும் நல்ல அறிவுரை. ஆனால் பல்லுக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. இனிப்போ மாவுப் பொருளோ வாய்க்குள் போகும் ஒவ்வொரு முறையும் கிருமிகள் அமிலத்தைச் சுரக்கின்றன. வாய் பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே கணக்கு. இனிப்பை முழு உணவோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, இடையில் பசிக்கும்போது இனிப்பில்லாதவற்றையும் பல்லில் ஒட்டாதவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கொறிப்புக்குப் பிறகும் தண்ணீர் குடிப்பது சிறிய செயல்தான், ஆனாலும் பலன் தரும். பனிக்கட்டியை மென்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசை ஓயாமல் வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம், மேலும் பனிக்கட்டி பல்லில் விரிசலை உண்டாக்கும்.

பல் மருத்துவரிடம் எப்போது செல்வது

கருத்தரிக்கத் திட்டமிடும்போதே ஒரு பரிசோதனை செய்து, சொத்தைகளை அடைத்து, பற்காரையை அகற்றிக்கொள்வது மிகச் சிறந்தது. அது நடக்கவில்லை என்றால், கர்ப்பம் தெரிந்த பிறகு, வலி எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை சென்று வாருங்கள். பரிசோதனைக்கும் பற்களைச் சுத்தம் செய்வதற்கும் எந்த மாதமும் ஏற்றதே. அடைப்பு, வேர் சிகிச்சை போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளுக்கு 14-ஆம் வாரத்திலிருந்து 20-ஆம் வாரம் வரையுள்ள காலம் வசதியானது. அப்போது குமட்டல் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வயிறும் இன்னும் கனத்திருக்காது. வசதி என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பலர் இதைப் பாதுகாப்பு என்று புரிந்துகொண்டு, "முதல் மூன்று மாதத்தில் கூடாது, கடைசி மூன்று மாதத்தில் கூடாது" என்று மொத்தக் கர்ப்பத்தையும் கடத்திவிடுகிறார்கள். வலி, வீக்கம், சீழ் இருந்தால் வாரக் கணக்கைப் பார்க்கவே கூடாது; எந்த மாதமானாலும் உடனே சிகிச்சை பெற வேண்டும்.

ஈறு நோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு உண்டா என்று பலர் கேட்கிறார்கள். முற்றிய ஈறு நோய் உள்ள பெண்களிடம் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் 2006-இல் அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட ஒரு சோதனையில், கர்ப்ப காலத்தில் ஈறு சிகிச்சை பெற்றதால் குறைப்பிரசவம் குறையவில்லை. அதே சோதனை வேறு இரண்டையும் காட்டியது: ஈறுகளின் நிலை மேம்பட்டது, சிகிச்சையால் தாய்க்கோ குழந்தைக்கோ கேடு எதுவும் வரவில்லை. எனவே ஈறு சிகிச்சை குறைப்பிரசவத்தைத் தடுத்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதே சமயம், சிகிச்சையால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சவும் காரணமில்லை.

முன்பதிவு செய்யும்போதே கர்ப்பமாக இருப்பதைத் தெரிவித்துவிடுங்கள். செல்லும்போது எத்தனையாவது வாரம், பிரசவத் தேதி, எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளும், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் அதன் விவரம், இதற்கு முன் கருக்கலைந்திருந்தால் அது, மகப்பேறு மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; பல் எடுக்கப் போகிறோம் என்று தாமாகவே அவற்றை நிறுத்திவிடக் கூடாது. அந்த முடிவை இரு மருத்துவர்களும் பேசித்தான் எடுக்க வேண்டும். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வளரும் என்பதால் அவர்கள் இந்தப் பரிசோதனையைத் தவறவே விடக் கூடாது.

உங்களை "பிரசவத்துக்குப் பிறகு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால், காரணத்தைக் கேளுங்கள். அந்தச் சிகிச்சை அவசரமில்லாதது என்று விளக்கினால் சரி. கர்ப்பம் என்பது மட்டுமே காரணம் என்றால், மகப்பேறு மருத்துவரிடம் இந்தச் சிகிச்சை செய்யலாம் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு மீண்டும் செல்லுங்கள், அல்லது வேறு பல் மருத்துவரைப் பாருங்கள். எனக்கு ஐந்தாம் மாதத்தில் இதைச் சொல்ல யாரும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

சுமார் 20 வாரத்துக்குப் பிறகு, மல்லாந்து நேராகப் படுத்தால் கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, தலைசுற்றல், வியர்வை, குமட்டல், மயக்கம் வரலாம். இதைத் தவிர்ப்பது மிக எளிது. நாற்காலியை முழுவதும் சாய்க்காமல் பாதி நிமிர்த்தியே வைக்கச் சொல்லுங்கள். வலது இடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு சிறிய தலையணையை, அல்லது மடித்த துண்டை வையுங்கள். வயிறு இடப்பக்கமாகச் சற்றே சரியும், அந்த அழுத்தம் விலகும். எனக்கு வேர் சிகிச்சை செய்தபோது உதவியாளர் ஒருவர் துண்டை மடித்துச் செருகியதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து உட்கார வைத்தார்கள். தலைசுற்றுவதுபோல் தோன்றினால் சொல்லத் தயங்காமல், உடனே இடப்பக்கம் திரும்பிப் படுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, லேசாகச் சாப்பிட்டுவிட்டுச் செல்வதும், நீண்ட சிகிச்சையை இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துக்கொள்வதும் நல்லது.

எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டதும் வரும் பயம் இயல்பானது, ஆனால் பல் எக்ஸ்ரே விஷயத்தில் அதற்கு இடமில்லை. ஒரு சிறிய பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, நாம் இயற்கையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாளில் பெறும் அளவுதான். அதுவும் வாயை நோக்கிச் செலுத்தப்படுவதால் கருவைச் சென்றடைவது மிக மிகச் சொற்பம். வழக்கமான சோதனைக்காக எடுக்கும் படத்தைத் தள்ளிவைக்கலாம். சீழின் இடத்தையோ வேரின் நீளத்தையோ அறியத் தேவைப்படும் படத்தை மறுக்கக் கூடாது. பல் எக்ஸ்ரேயும், மரப்பு ஊசியும், தேவையான பல் சிகிச்சையும் கர்ப்பத்தில் பாதுகாப்பானவை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013-இலேயே தெளிவாக அறிவித்துள்ளது.

மரப்பு ஊசிக்குப் பயன்படும் லிடோகேய்ன், அதோடு சேரும் சிறிதளவு அட்ரினலின் உட்பட, கர்ப்பிணிகளுக்கு ஏற்றது. வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் குழந்தைக்கு நல்லது என்று நினைத்து மரப்பு ஊசியை மறுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வலியும் பதற்றமும் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். உங்களுக்கு வலியில்லாமல் இருப்பதே இருவருக்கும் நல்லது.

புதிய அடைப்புக்குப் பாதரசக் கலவையைத் தவிர்த்து, பல் நிறத்திலுள்ள பொருளைக் கேளுங்கள். பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 15 வயதுக்குட்பட்டோருக்கும், பல் மருத்துவர் அவசியம் என்று கருதினாலொழிய, அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2022-இல் முடிவெடுத்தன. ஏற்கெனவே வாயில் நன்றாக இருக்கும் பழைய பாதரச அடைப்பை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம். அதைக் குடையும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வெளிவரும். பல் வெண்மையாக்குதல், அழகுக்கான வேலைகள், தொந்தரவு தராத ஞானப்பல்லை எடுத்தல் ஆகியவை காத்திருக்கட்டும்.

மருந்துகள்

வலிக்கு முதலில் நாட வேண்டியது பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணிகளை மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு இவை கருவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக் குழாய் உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல்லின் அருகே ஈறில் அடக்கி வைப்பவர்கள் உண்டு. அது ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும், வலியைத் தீர்க்காது.

சீழுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்பட்டால் பெனிசிலின், அமாக்சிசிலின், செஃபலோஸ்போரின் வகைகளைக் கர்ப்பத்தில் பரவலாகத் தருகிறார்கள். ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் கூடாது. குழந்தையின் பால் பற்கள் கருவின் ஆறாவது வாரத்தை ஒட்டியே அரும்பத் தொடங்கி, நான்காம் மாதத்திலிருந்து கெட்டிப்படுகின்றன; அப்போது தாய் உட்கொள்ளும் டெட்ராசைக்ளின் அந்தப் பற்களில் படிந்து நிலையான மஞ்சள் பழுப்புக் கறையை உண்டாக்கும். வீட்டில் பழைய சீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரைகளை எடுத்து விழுங்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. நுண்ணுயிர்க்கொல்லி சீழைத் தற்காலிகமாக அடக்கும், அதன் ஊற்று பல்லுக்குள்தான் இருக்கிறது. வலி நின்றுவிட்டதென்று சிகிச்சையைப் பாதியில் விட்டால் சீழ் திரும்பி வரும்.

வாய் கொப்பளிக்கும் மருந்து பரிந்துரைக்கப்பட்டால் ஆல்கஹால் இல்லாததைக் கேளுங்கள். போவிடோன் அயோடின் கொண்ட கொப்பளிப்பைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். உடலில் சேரும் அயோடின் கருவின் தைராய்டைப் பாதிக்கலாம்.

ஈறில் கட்டி தோன்றினால்

சிலருக்கு, பெரும்பாலும் நான்காம் மாதத்துக்குப் பிறகு, மேல் முன்பற்களுக்கு இடையிலுள்ள ஈறில் சிவந்த ஒரு சதை முளைக்கும். தொட்டாலே ரத்தம் வரும். கர்ப்பகாலக் கட்டி என்று இதற்குப் பெயர் இருப்பதால் புற்றுநோயோ என்று நடுங்கிவிடுகிறார்கள். இது புற்றுநோய் அன்று. எரிச்சலுக்கு ஈறு காட்டும் மிகையான வளர்ச்சி. பொதுவாகப் பிரசவத்துக்குப் பின் தானாகச் சுருங்கிவிடும். மெல்ல முடியாமல் இடித்தாலோ ரத்தம் நிற்காமல் வந்தாலோ மட்டும் கர்ப்ப காலத்திலேயே அகற்றுவார்கள். இருந்தாலும் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

கன்னமோ தாடையின் அடியோ வீங்குவது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், கண்ணை நோக்கிப் பரவும் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பல்லிலிருந்து புறப்படும் தொற்று கழுத்துக்குப் பரவி மூச்சுப் பாதையை அடைக்கக்கூடியது. அதிகக் காய்ச்சலும் தொற்றும் கருவுக்கும் கேடு. ஈறு நோயின் கதை வேறு, மாதக் கணக்கில் நடப்பது. இதுவோ மணிக் கணக்கில் முற்றக்கூடியது.

பிரசவத்துக்குப் பின்

தள்ளிவைத்த சிகிச்சைகளுக்கான தேதியைக் கர்ப்ப காலத்திலேயே குறித்துவிடுங்கள், ஏனெனில் குழந்தை வந்த பிறகு தாயின் பல் நினைவில் நிற்பதில்லை. பாலூட்டும் காலத்திலும் பல் சிகிச்சையும் மரப்பு ஊசியும் செய்துகொள்ளலாம். பாலூட்டுவதை மட்டும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் தாயின் உமிழ்நீர் வழியாகத்தான் குழந்தையைச் சேர்கின்றன. உங்கள் வாயில் சிகிச்சை பெறாத சொத்தைகள் இருந்தால் கிருமிகளின் எண்ணிக்கையும் அதிகமாக இருக்கும்; ஆகவே உங்கள் சொத்தையை அடைப்பது குழந்தையின் பல்லுக்குச் செய்யும் முதல் காவலும் ஆகிறது. குழந்தையின் கரண்டியை உங்கள் வாயில் வைத்துச் சூடு பார்ப்பதையும், கீழே விழுந்த சூப்பானை நீங்கள் சப்பித் துடைத்துக் கொடுப்பதையும் தவிருங்கள். குழந்தையின் ஈறை ஈரத் துணியால் துடைத்து வாருங்கள். ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முதல் பல் எட்டிப்பார்க்கும் நாளிலிருந்து அரிசி மணி அளவு ஃபுளோரைடு பேஸ்டும் மிகச் சிறிய பிரஷும் கொண்டு துலக்கிவிடுங்கள். ஒரு வயது நிறைவதற்குள் குழந்தையையும் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.